சிறுவர் சித்திரக் கதைத் தொகுப்பில் உள்ள பிழைகள் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இஸ்லாமியச் சிறுவர் சித்திரக் கதைத் தொகுப்பு – பணத்தைத் திருப்பித் தரவும் பிழைகளைத் திருத்தவும் கோருதல்

அன்புடையீர், அஸ்ஸலாமு அலைக்கும்.

'பிஞ்சு மனதில் இறைநேசத்தை விதைக்கும் கதைகள்' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி என் மகளுக்கு இந்தத் தொகுப்பை வாங்கினேன். தாளிலும் பைண்டிங்கிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருப்பதுதான் பிரச்சினை.

யூனுஸ் நபி (அலை) மீன் வயிற்றுக்குள் இருந்து கேட்ட துஆவை (பிரார்த்தனையை) ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். அரபி எழுத்துகள் சேராமல் தனித்தனியாக நிற்கின்றன. வரிசையும் இடமிருந்து வலமாகப் புரண்டு கிடக்கிறது. அரபி ஏற்காத மென்பொருளில் கொண்டுபோய் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். ஓதத் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் பார்த்திருந்தால் அந்த நிமிடமே கண்ணில் பட்டிருக்கும். அது குர்ஆனின் 21ஆம் அத்தியாயம், 87ஆம் வசனத்தில் உள்ள துஆ. பக்கத்தை அழகாக்கப் போட்ட பூவேலை இல்லை. இப்போதுதான் எழுத்துக் கூட்டி ஓதப் பழகும் பிள்ளை அதில் விரல் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, 'இது என்ன எழுத்து?' என்று கேட்கிறாள்.

தொழுகைப் படத்தில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்யும் சிறுவனின் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தரையில் படிந்திருக்கிறது. அப்படி முன்கையை விரிக்கக் கூடாது என்று ஹதீஸே (நபிமொழியே) இருக்கிறது. கால்விரல்களோ அந்தரத்தில் நிற்கின்றன. பெரியவர்கள் வரியைப் படிப்பார்கள், பிள்ளைகள் படத்தைத்தான் பார்த்துச் செய்வார்கள்.

நபித்தோழர் பிலால் (ரலி) அபிசீனிய (இன்றைய எத்தியோப்பிய) வம்சாவளியினர், கறுத்த நிறத்தவர். உங்கள் ஓவியர் அவரை வெளிறிய நிறத்தில் தீட்டியிருக்கிறார். சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறையை ஏற்றியபோதும் 'அஹத், அஹத்' (இறைவன் ஒருவனே) என்று சொன்ன அந்த அடிமையைத்தான் நபிகள் நாயகம் (ஸல்) தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்ல நிறுத்தினார்கள். நிறத்தை மாற்றிவிட்டால் அந்தக் கதையில் பாதி போய்விடுகிறது.

இவையெல்லாம் அடுத்த பதிப்பில் சரிசெய்யக் கூடியவை. எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்காக ஒரு மனிதர் கிணற்றில் இறங்கி, தன் காலில் அணிந்திருந்த தோலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்வியபடி மேலேறி வந்து கொடுத்தார். அல்லாஹ் அவர் பாவங்களை மன்னித்தான். வாயில் கவ்விய அந்த உறை ஒன்றே போதுமே, எந்த ஓவியரும் விடுவாரா? நீங்கள் அதற்கு ஒதுக்கியது அரைப் பக்கம். அடுத்த நான்கு பக்கமும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்காக எரியும் நரக நெருப்பு. இரண்டும் ஹதீஸில் உள்ளவைதான். ஆனால் இறைநேசம் என்று அட்டையில் போட்டுவிட்டு நெருப்பையே விரித்து வைத்தால், பிள்ளைக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான். ஸுலைமான் நபி (அலை) எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்து, நன்றி செலுத்த அருள் கேட்டு இறைஞ்சும் இடத்தையும் காணோம். அவருடைய படை வருவதோடு கதை நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் உங்களிடம் நல்ல கை இருக்கிறது. இப்ராஹீம் நபி (அலை) கதையில் நபியின் உருவத்தை வரையாமல் நட்சத்திரம், நிலா, சூரியன் என்று வானத்தை வைத்தே கதையை நகர்த்தியிருப்பது அருமையான வேலை.

தொலைபேசியில் கேட்டதற்கு, உறை பிரிக்காத புத்தகத்தை மட்டுமே திருப்பி எடுப்போம் என்றார்கள். பிரிக்காமல் பிழையை எப்படிப் பார்ப்பதாம்?

எனவே முழுத்தொகையையும் திருப்பித் தருவதோடு, அந்த துஆப் பக்கம் திருத்தப்படும்வரை விற்பனையை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சரியான பக்கத்தை அனுப்பிவையுங்கள். அடுத்த பதிப்பை எந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) சரிபார்க்கிறார் என்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். அந்தப் பதில் வரும்வரை, நான் முன்பதிவு செய்திருக்கும் இரண்டாம் தொகுப்பை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்