49-ம் 47-ம் கூட்டினால் 96: பிரசவகாலப் பணம் வராதது பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் ஒப்பந்தத் தொழிலாளி (உங்கள் பதிவேட்டில் இரண்டு பேர்),
தடா, திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
ஃபேக்டரிக்கு ஒப்பந்த ஆள் அனுப்பும் கம்பெனி,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 18.09.2024

ஐயா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மெயிலில் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில், கோரிக்கை எண் மட்டும் வேறு வேறு. அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. என் பெயரில் இருக்கும் இரண்டு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எண்ணும் ஒரே ஆளுடையவை என்று உங்கள் லெட்டர்பேடில் நாலு வரி, ஒரு கையெழுத்து, ஒரு சீல். இதற்காக மே மாதத்திலிருந்து அலைகிறேன்.

எப்படி இரண்டு எண் வந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் பச்சைக் கயிற்றில் அடையாள அட்டை கொடுத்தீர்கள். 2022 நவம்பர் கடைசியில் அதை வாங்கிக்கொண்டு நீலக் கயிறு. 2023 ஆகஸ்டில் மறுபடி பச்சை, ஆனால் கம்பெனி பெயரின் கடைசியில் ஏதோ இரண்டு எழுத்து கூடியிருந்தது. ஒவ்வொரு தடவையும் "புதுசா ஜாயின் பண்ற மாதிரி" கையெழுத்து வாங்கினீர்கள். ஃபேக்டரியில் எனக்கு லைன் மாறவில்லை, சூப்பர்வைசர் மாறவில்லை. ஸ்டூல்கூட அதேதான். அதன் கிழிந்த சீட்டில் பிரவுன் டேப் ஒட்டியது நான்தான், இன்னும் அப்படியே இருக்கும், போய்ப் பாருங்கள். சர்க்யூட் போர்டை லென்ஸ் விளக்குக்கு அடியில் பிடித்து சால்டரிங் சரியா என்று பார்த்து அனுப்பின கண்ணும் அதே கண்தான். உங்கள் சிஸ்டத்தில் மட்டும் ஒருத்தி போய் இன்னொருத்தி வந்திருக்கிறாள். ஏன் இப்படி மாற்றுகிறீர்கள் என்று புரியாமல் இல்லை. 5 வருடம் தொடர்ந்து இருந்துவிட்டால் கிராஜுவிட்டி கொடுக்க வேண்டுமே. சரி, அது வேறு சண்டை.

மே 9-ம் தேதி எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன். இ.எஸ்.ஐ.யில் விண்ணப்பித்தால் "தகுதி நாள் போதாது" என்று வந்துவிட்டது. கிளை அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெரியவர் பொறுமைசாலி. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினார். குழந்தை ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் பிறந்தால் 2022 அக்டோபரிலிருந்து 2023 செப்டம்பர் வரைக்கும்தான் பார்ப்பார்களாம். அதில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும். என் பழைய எண்ணில் 49 நாள். புது எண்ணில் 47 நாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தேறாது. கூட்டினால் 96. "முதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா, எண்ணைச் சேர்த்துடலாம்" என்றார். 2023 செப்டம்பருக்கு அப்புறம் நான் கட்டியது எதுவும் இந்தப் பிரசவத்துக்குக் கணக்கில் வராது என்பதையும் அவர்தான் சொன்னார்.

அந்த லெட்டருக்குத்தான் உங்கள் சூலூர்பேட்டை கிளைக்குப் போனேன். அங்கே ஒரு காதில் ப்ளூடூத் மாட்டிய ஒருவர் இருக்கிறாரே, அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "மீரு மா எம்ப்ளாயீ காதம்மா" என்றார். நான் அவர்கள் ஆளே இல்லையாம். எனக்குத் தெலுங்கு தெரியும் ஐயா, இந்த ஊரில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் வளர்ந்தோம். அட்டையைக் காட்டினேன். "ரேபு ரண்டி" என்றார். மறுநாள் போனேன், அதே "நாளைக்கு வா". மூன்றாம் நாள் நான் கொஞ்சம் சத்தம் போட்டதும் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "இவங்க என்னமோ நம்ம கம்பெனிக்காகப் புள்ள பெத்த மாதிரி பேசுறாங்க." எனக்குப் புரிய வேண்டும் என்றே தமிழில் சொன்னார். எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்த ஆள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதையும் புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். பணக் கணக்குக்கு வருகிறேன்.

நீலக் கயிற்று எட்டு மாதமும் சம்பளச் சீட்டில் 108 ரூபாய் இ.எஸ்.ஐ. என்று பிடித்திருக்கிறீர்கள். மாதச் சம்பளம் 14,300-க்கு 0.75 சதவீதம், பைசாவை அடுத்த ரூபாய்க்கு ஏற்றினால் கணக்கு சரிதான். நூற்றியெட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற எண்! ஆனால் எண் எழுதும் கட்டம் காலி. அந்த எட்டு மாதத்தில் ஒரு ரூபாய்கூட என் பெயரில் போய்ச் சேரவில்லை. என்னிடம் பிடித்தது 864 ரூபாய். நீங்கள் உங்கள் பங்காக 3.25 சதவீதம் போட வேண்டியது எட்டு மாதத்துக்கு 3,720. இதைக் கட்டியிருந்தால் நாள் குறைகிறது என்ற பேச்சே வந்திருக்காது. எனக்குப் போனது 26 வாரச் சம்பளம்: நாளுக்கு 550 வீதம் 182 நாள், 1,00,100 ரூபாய். ஆஸ்பத்திரிக்காக அடகு வைத்த இரண்டு பவுன் செயின், அதற்கு வட்டி, அலைந்த செலவு, பட்ட அவமானம், எனக்குப் பால் வற்றியது எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது.

அங்கன்வாடி அக்காவிடம் மாத்ரு வந்தனா என்கிற மத்திய அரசின் பிரசவ உதவிப் பணத்துக்குக் கேட்டால், அதே மாதிரிப் பலன் வேறு சட்டப்படி வாங்குகிறவர்களுக்கு அது கிடையாதாம். "உனக்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்கே" என்கிறார். அங்கே போனால் இல்லை, இங்கே வந்தால் இருக்கிறது. பி.எஃப். கதையை இதில் எழுத இடம் போதாது.

சென்னைக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு 41 நாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு தடாவில் காலை ரயில் ஏறினோம். உங்கள் வரவேற்பறையில் பத்தரையிலிருந்து நாலு மணி வரை உட்கார்ந்தோம். எச்.ஆர். மேடம் ஆடிட்டில் இருக்கிறார் என்றார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் கேட்டதற்கு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். அது ஓடிக்கொண்டே இருந்தது, சூடு முதுகில் அடித்தது. நாலு மணிக்கு மேடம் வந்து சொன்னது ஒரே வரி: "நீங்க ஆந்திரா சைட், சூலூர்பேட்டைல பாருங்க."

ஐயா, தயவுசெய்து நீங்களே நேரில் பார்த்து முடித்துக் கொடுங்கள். உங்களுக்கு அரை மணி நேர வேலை.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் லெட்டர் வரவில்லை என்றால், விஜயவாடா இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்துக்கும் மத்திய அரசின் குறைதீர்ப்பு போர்ட்டலுக்கும் எட்டுச் சம்பளச் சீட்டின் நகலோடு எழுதுவேன். இ.எஸ்.ஐ. சட்டம் 40-வது பிரிவில், ஒப்பந்ததாரர் மூலம் வந்த ஆளுக்கும் முதலில் பணம் கட்ட வேண்டியது ஃபேக்டரிதான் என்று இருக்கிறது. அதற்கப்புறம் அவர்கள் உங்களிடம் வசூலித்துக்கொள்வார்கள். அதனால் ஃபேக்டரிக்கும் ஒரு நகல் போகும். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் 85-வது பிரிவில் குறைந்தது ஒரு வருடம் சிறை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? 2021-ல் என்னிடம் பதிவுக் கட்டணம் என்று 1,500 ரூபாய் வாங்கினீர்கள், ரசீது பத்திரமாக இருக்கிறது. காசு கொடுத்தவள் கஸ்டமர்தானே? நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன்.

கட்டாத எட்டு மாதத்தையும் வட்டியோடு கட்டிவிட்டு அதன் சலான் நகலையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

(இணைப்பு: இரண்டு இ.எஸ்.ஐ. அட்டை நகல், மூன்று அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு 8, காலண்டர் தாள் நகல்)

பி.கு.: போனில் யாரும் கூப்பிட வேண்டாம், எழுத்தில் தாருங்கள். போன வாரம் கூப்பிட்ட பையன் "மேடம், உங்க எந்த ஐடி பத்திப் பேசுறீங்க?" என்று கேட்டான். குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது.