ராஜாக்களுக்காகவும் ஜெபிக்க

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம்.

போன மாதம் நீ பாளையங்கோட்டைக்கு வந்திருந்தபோது, இரவு குடும்ப ஜெபத்தில் பிரதமருக்காகவும் முதலமைச்சருக்காகவும் நான் ஜெபித்தேன். அப்பா ஆமென் சொன்னார், நீ சொல்லவில்லை. மறுநாள் ரயிலடியில், "அநியாயம் செய்கிறவர்களை ஆசீர்வதிக்கச் சொல்கிறீர்களா அம்மா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் கூடவே இருக்கிறது.

"ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" விண்ணப்பம் செய்யச் சொல்கிற வசனம் 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் இருப்பது உனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தானே. அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் வாழ்ந்த நாட்களில் ரோமை ஆண்டது யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார். கி.பி. 54 முதல் 68 வரை நீரோ. 64-இல் ரோம் பற்றி எரிந்தபோது கிறிஸ்தவர்கள் மேல் பழியைப் போட்டு வதைத்தவன். நல்லவனாயிருந்தால் ஜெபியுங்கள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை, ஐயா. ஜனங்கள் கலகமில்லாமல், அமைதலாய்ப் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஜெபம் என்று அதே வசனம் சொல்கிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் பென்ஷன் கோப்பை ஓர் அதிகாரி எட்டு மாதம் அசைக்காமல் வைத்திருந்தாரே, அப்போது நான் தினமும் விடியற்காலையில் 109-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். "அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறுவானாக" என்று அந்த மனிதரை நினைத்தே வாசிப்பேன். ஒருநாள் கண் தானாக அடுத்த வசனத்துக்குப் போயிற்று. அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாவார்களாக என்றிருந்தது. அவர் மேஜையில் இரண்டு சிறு பிள்ளைகளின் போட்டோ இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாய் அடைத்துப் போயிற்று. அந்தச் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது, வயிறெரிந்தவர்களின் அழுகையைக் கர்த்தர் தள்ளிவிடுவதில்லை. ஆனால் அதை ஒருவர் தலைமேல் ஏவிவிட எனக்கு அதற்குமேல் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு 72-ஆம் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டேன். அது ராஜாவுக்கான ஜெபம். எளியவனை விடுவிக்கிற, ஏழையின் பிள்ளைகளைக் காப்பாற்றுகிற, ஒடுக்குகிறவனை நொறுக்குகிற அரசுக்காக மன்றாடுகிற ஜெபம் அது. ஒரு தலைவருக்காக அதைச் சொல்லி ஜெபித்தால், அவர் செய்கிற அநியாயத்துக்கு ஆமென் சொன்னதாகுமா? அந்த அநியாயம் நிற்க வேண்டும் என்றல்லவா கேட்கிறோம்! தாவீது ராஜா பாவம் செய்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் அவர் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்றார். ஆகவே நீ கூட்டத்துக்குப் போவதையோ, மனு எழுதுவதையோ நான் தடுக்கவில்லை. போ. முழங்காலில் நின்றுவிட்டுப் போ.

நீதிமொழிகள் 31 எனக்குத் தனியாகப் பிடிக்கும். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதியை மட்டும் கல்யாணங்களில் வாசித்து முடித்துவிடுகிறார்கள். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு தாய், ராஜாவான தன் மகன் லேமுவேலுக்குப் புத்தி சொல்கிறாள். குடிக்காதே, குடித்தால் நியாயத்தை மறந்துவிடுவாய், பேச முடியாதவர்களுக்காக உன் வாயைத் திற என்கிறாள். அமைச்சர்களுக்காக ஜெபிக்கும்போது அவர்களுடைய அம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன். கோபம் சற்றுத் தணிகிறது.

"ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது" என்ற வசனத்தின் அர்த்தம் எனக்கு வயலில்தான் விளங்கியது. உன் தாத்தாவுக்குப் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. முறைத்தண்ணீர் வருகிற இரவுகளில் நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் மண்வெட்டியால் ஒரு பக்கம் இரண்டு கொத்து மண்ணை வெட்டுவார். அதைப் புல்லோடு சேர்த்து மறுபக்கம் வைத்து மிதிப்பார். அவ்வளவுதான், அதுவரை வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்பிவிடும். அதிகாரத்தில் இருப்பவர்களின் மனம் கல்லாகிவிட்டது என்று நீ சொல்லும்போது எனக்கு அந்தத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது.

என் ஜெபக் குறிப்பேட்டில் இப்போது பெயருக்குப் பக்கத்தில் ஒரு காரியமும் எழுதுகிறேன். கலெக்டர் பெயருக்கு எதிரே குளத்து மடை. எம்.எல்.ஏ. பெயருக்கு எதிரே, மழைக்கு ஒழுகுகிற பள்ளிக்கூடக் கூரை. நாட்டை ஆசீர்வதியும் என்று மொத்தமாகச் சொன்னால் என் மனம் எங்கோ போய்விடுகிறது.

மும்பை என் ஊரே இல்லை, அதற்காக எதை ஜெபிப்பது என்றும் சொன்னாய். எரேமியா 29-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. அதுவும் ஒரு கடிதம்தான். நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதியது. பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்று எழுதுகிறார். உன்னை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. உனக்குச் சோறு போடுகிற ஊர் அது.

நீ குடியிருக்கிற தொகுதியின் எம்.எல்.ஏ. யார்? பெயரையும், உன் தெருவில் இப்போது பெரிய குறை எது என்பதையும் எழுதி அனுப்பு. சனிக்கிழமை இரவு ஜெபத்துக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா