பின் ஆக்சில் எவ்வளவு அகலம் போடலாம்? எங்க வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்,

ஸ்போர்ட் குவாட்ல (மண்ணு, மணல், காட்டுப் பாதையில ஓட்டுற நாலு சக்கர வண்டி) முன்னாடி நீளமான ஏ-ஆர்ம் (முன் வீலை ஃபிரேமோட சேர்க்கிற A வடிவ கை) மாட்டினவங்க கிட்ட இருந்து அடுத்து வர்ற கேள்வி அநேகமா இதுதான், "பின்னாடி பிளஸ் டூ போடவா, பிளஸ் ஃபோர் போடவா?" ஒரு நம்பரைச் சொல்லி ஆர்டரை எடுத்துக்கறது எங்களுக்கு ஈஸி, ஆனா ஆக்சில், அதாவது ரெண்டு பின் வீலையும் சேர்க்கிற கம்பி, ஒண்ணும் அடிக்கடி மாத்துற சாமான் இல்ல, தப்பா வாங்கிட்டா வண்டி ஓட்டுற சந்தோஷமே போயிடும், அதனால கொஞ்சம் விளக்கமா எழுதிடலாம்னு தோணுச்சு.

பிளஸ்னு சொல்றது எத்தனை இன்ச் கூடுதுங்கற நம்பர், முதல்ல அந்த நம்பர்லயே ஒரு குழப்பம் இருக்கு. ஏ-ஆர்ம்ல +2+1னு போட்டிருந்தா ஒவ்வொரு பக்கமும் 2 இன்ச் வெளிய, 1 இன்ச் முன்னாடின்னு அர்த்தம், அதாவது முன் அகலம் மொத்தமா 4 இன்ச் கூடுது. ஆனா ஆக்சில்ல +2ன்னா பெரும்பாலும் மொத்த அகலத்துல 2 இன்ச், பக்கத்துக்கு 1 இன்ச்தான். ரெண்டும் பிளஸ் டூ தானே, ஜோடி சேர்ந்துடும்னு நினைச்சு வாங்கினா முன்னாடி 4 கூடியிருக்கும், பின்னாடி 2 தான் கூடியிருக்கும். எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி கணக்கு போடுறதும் கிடையாது, அதனால யார்கிட்ட வாங்கினாலும் "மொத்தம் எவ்வளவு கூடும்"னு கேட்டுட்டு வாங்குங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றோம். ஸ்போர்ட் குவாட்ல பின்னாடி டிஃபரன்ஷியல் (ரெண்டு வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் அமைப்பு) கிடையாது. ஒரே கம்பி, ரெண்டு வீலும் அதுல பூட்டியிருக்கு, ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். ஆனா திருப்பத்துல வெளி வீல் அதிக தூரம் போகணும், உள் வீல் குறைவா போகணும். எவ்வளவு வித்தியாசம்னு கணக்கு போட்டுப் பாருங்க, டயர் நடுவுல இருந்து நடு வரைக்கும் 38 இன்ச்னு வெச்சுக்கிட்டா ஒரு 90 டிகிரி திருப்பத்துக்கு வெளி டயர் கிட்டத்தட்ட 60 இன்ச் அதிகம் ஓடணும், அதையே 42 இன்ச் ஆக்கினா 66 இன்ச். இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேற வழி இல்லாததால ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் ஆகணும், அப்படி வழுக்கணும்னா உள் வீல்ல எடை குறையணும். பின்னாடி அகலம் கூடக் கூட உள் வீல் தரையிலயே அழுத்தி உக்காந்துக்கும், வண்டி திரும்பாம நேரா தள்ளிக்கிட்டே போகும், நீங்க ஹேண்டில்பாரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பீங்க. அகலம் குறைஞ்சா வண்டி சட்டுனு திரும்பும், ஆனா உள் வீல் சீக்கிரம் தூக்கும், வேகமான திருப்பத்துல மனசு பதறும். அகலமா போட்டா எல்லாமே நல்லதுன்னு நினைக்கிறவங்க இந்த ஒரு விஷயத்தைத்தான் கவனிக்கிறதில்ல.

அகலத்துக்கு நல்ல பக்கமும் இருக்கு, இல்லைனு சொல்லல. ஸ்விங்ஆர்ம் (பின் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடுற கை) பக்கவாட்டுல சாயாது, அதனால பின் வீல் ஒண்ணு மட்டும் மேட்டுல ஏறினா ஆக்சிலோட சேர்ந்து ஃபிரேமும் சாயப் பார்க்கும். அதே 4 இன்ச் மேட்டுல 38 இன்ச் ஆக்சில் சுமார் 6 டிகிரி சாயும், 42 இன்ச் ஆக்சில் ஐந்தரை டிகிரி. கேக்க சின்ன வித்தியாசம்தான், ஆனா வேகமா போகும்போது வரிசையா மேடு வந்தா பின்னாடி ஆட்டம் குறையுறது நல்லாவே தெரியும். சரிவுல குறுக்க போறப்பவும், ஜம்ப் அடிச்சு கோணலா இறங்குறப்பவும் அகலம்தான் காப்பாத்தும்.

அப்ப எது நமக்கு? எங்க ஓட்டுறீங்கங்கறதுதான் பதில். யமஹா ஒரே குடும்பத்துல ரெண்டு வண்டி விட்டாங்க, மோட்டோகிராஸுக்குன்னு வந்த ஒய்எஃப்இசட்450ஆர் மொத்த அகலம் 48.8 இன்ச், மரங்களுக்கு நடுவுல ஓட்டுறதுக்குன்னு வந்த ஒய்எஃப்இசட்450எக்ஸ் சுமார் 46 இன்ச். வண்டி செஞ்சவங்களே இடத்துக்குத் தகுந்த மாதிரி அகலத்தை மாத்துறாங்க பாருங்க. மோட்டோகிராஸ் ட்ராக்னா முன்னாடி அகலத்துக்குச் சமமா பின்னாடியும் போடுங்க, 50 இன்ச் பக்கம் வரும், போட்டிக்குப் போறவங்க அங்க உள்ள ரூல்ல உச்ச அகலம் என்னன்னு மறக்காம பாருங்க. காட்டுப் பாதைன்னா பின்னாடி முன்னாடியை விட 1 இல்ல 2 இன்ச் குறைவா இருக்கட்டும்னு சொல்வோம், ஏன்னா முன் வீல் புகுந்த சந்துல பின் வீலும் புகுந்துடும், மரத்துல மோதுற பயம் குறையும். அமெரிக்காவுல காட்டுப் பாதைகள்ல 50 இன்ச் வரைக்கும்தான் அனுமதின்னு ஒரு வகையே இருக்கு, அந்த மாதிரி வரம்பு உங்க பாதையில இருந்தா அதுக்குள்ள நில்லுங்க. மணல் மேடுல மட்டும் ஓட்டுறவங்க அகலமா போகலாம், அங்க டயர் தானா வழுக்குறதால முன்னாடி சொன்ன தள்ளுற தொல்லை ரொம்ப இருக்காது.

அளக்கிறதுலயும் கவனம் வேணும். முன்னாடி அகலம் சஸ்பென்ஷன் இறங்கி ஏறுறப்ப மாறும், ஏ-ஆர்ம் வட்டமா சுத்துறதால வண்டியை ஸ்டாண்ட்ல தூக்கி வெச்சு அளந்தா குறைவா காட்டும். நீங்க ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு வண்டி மேல உக்காருங்க, இன்னொருத்தர் டயர் வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வரைக்கும் அளக்கட்டும். பின்னாடி திடமான ஆக்சில், அது எப்ப அளந்தாலும் ஒண்ணுதான். 10 இன்ச் டயரை எடுத்துட்டு 11 இன்ச் டயர் போட்டா மொத்த அகலம் 1 இன்ச் கூடும், ஆனா நடுவுல இருந்து நடு மாறாது, அதனால வண்டி திரும்புற விதமும் இதனால பெருசா மாறாது.

வீல் ஆஃப்செட்டையும் பாருங்க. 8 இன்ச் அகல ரிம்ல 4+4ன்னா, ஹப்புல (ஆக்சில் முனையில வீலைப் பூட்டுற பாகம்) பூட்டுற இடத்துல இருந்து உள்ள 4, வெளிய 4. அதை எடுத்துட்டு 3+5 போட்டா பக்கத்துக்கு 1 இன்ச், மொத்தம் 2 இன்ச் கூடிடும், ஆக்சிலைத் தொடவே வேண்டாம். ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வைக்கிற கெட்டியான வளையம்) போட்டாலும் இதே கதைதான். சிலர் "ஸ்பேசர் போட்டா ஆக்சில் வளையும், நீள ஆக்சில் போட்டா வளையாது"ன்னு சொல்றாங்க, அது முழு உண்மை இல்ல. டயர் நடுவுல இருந்து பேரிங் வரைக்கும் உள்ள தூரம் ஒண்ணா இருந்தா பேரிங் பக்கத்துல வர்ற வளைவு விசையும் ஒண்ணுதான், எந்த வழியில வெளிய தள்ளினாலும் சரி. வித்தியாசம் எங்கன்னா, நீள ஆக்சிலை அதுக்குன்னே 4340 குரோம்மோலி மாதிரி ஸ்டீல்ல கெட்டியா செஞ்சிருப்பாங்க, ஸ்பேசர் போடுறவங்க அதே விசையை கம்பெனி ஆக்சில் மேல ஏத்துறாங்க, கூடவே பக்கத்துக்கு நாலு நட்டு அதிகம், அதையும் டைட்டா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ஜம்ப் அடிக்காதவங்களுக்கு 1 இன்ச் ஸ்பேசர் தாராளமா போதும், அதுக்கு மேல போறவங்க ஆக்சிலே வாங்கிடுங்க.

வாங்குறதுன்னா அட்ஜஸ்டபிள் ஆக்சில் வாங்குங்கன்னுதான் நாங்க எல்லார்கிட்டயும் சொல்றோம். ஹப்போட உள்பக்கம் இருக்கிற வளையத்தை வெளிப்பக்கம் மாத்தினா அகலம் மாறிடும், ஒரே ஆக்சில்ல ரெண்டு மூணு அகலம் கிடைக்கும். முதல்ல குறுகலான அளவுல ஓட்டுங்க. வண்டி நல்லா திரும்பி, வேகத்துல மட்டும் உள் வீல் ரொம்ப தூக்குதுன்னா பக்கத்துக்கு அரை இன்ச் கூட்டுங்க. நேரா தள்ளுச்சுன்னா குறைங்க. ஆனா அகலத்தைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு பின் டயர் பிரஷரும் ஒண்ணா இருக்கான்னும், சுத்தளவு ஒண்ணா இருக்கான்னும் டேப் வெச்சுப் பாருங்க, ஒரே ஆக்சில்ல பூட்டியிருக்கிற டயர்ல ஒண்ணு பெருசா இருந்தாலே வண்டி ஒரு பக்கமா இழுக்கும், அதுக்கு ஆக்சிலைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல.

குறுக்கும்போது டயர் உள்பக்கம் ஸ்விங்ஆர்ம்லயோ செயின்லயோ உரசுதான்னு கையால சுத்திப் பாருங்க. ஆக்சில் லாக்நட்டுக்கு திரெட்லாக்கர் (நட்டு லூசாகாம பிடிக்கிற பசை) போட்டு, கம்பெனி சொன்ன டார்க்ல (முடுக்குற விசை அளவு) முடுக்குங்க, முதல் ரைடு முடிஞ்சதும் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க, லாக்நட் லூசானா ஸ்ப்ளைனை (ஆக்சில் மேல இருக்கிற பல்லு வரிசை) தின்னுடும்.

ஆர்டர் போடுறவங்க எங்களுக்கு இதை மட்டும் எழுதி அனுப்புங்க: வண்டி மாடலும் வருஷமும், ஏ-ஆர்ம் அளவு, நீங்க மேல உக்காந்து அளந்த முன் அகலம், பின் ரிம் ஆஃப்செட், டயர் சைஸ், எங்க ஓட்டுறீங்க, ஜம்ப் அடிப்பீங்களா. எந்த அளவு வரும்னு நாங்க கணக்கு போட்டு சொல்லிட்டு அப்புறம்தான் ஆக்சிலை எடுத்து வைப்போம்.

அன்புடன்,
உங்க கடைக்காரங்க