ஆணியப் பிடுங்குங்க, மரத்தோட பேர எழுதி வைங்க

மலைப்பாதை ஓரத்து மரங்களுக்குப் பொறுப்புல இருக்குற அதிகாரிகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் அம்மாவக் கூட்டிட்டு ரெண்டு நாள் கொடைக்கானல் போயிருந்தேன். ஏரி, போட்டிங்கு எதுவும் வேண்டாம், வழியெல்லாம் மரம் பாத்துட்டே போனா போதும்னு சொல்லித்தான் கெளம்புனாங்க. வத்தலக்குண்டு வரைக்கும் புளி, வேம்பு, புங்கம்னு ஜன்னலோரமா ஒவ்வொண்ணா பேர் சொல்லிட்டே வந்தாங்க, மலை ஏற ஆரம்பிச்சதும் இலவம், பலா, அப்புறம் காப்பித் தோட்டத்துல நெழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்கு, கல்யாண முருங்கையில ஏறுன மொளகுக் கொடி, அதெல்லாம் கூட தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு. இன்னும் மேல போகப் போகத்தான் பேச்சு கொறஞ்சுடுச்சு. "இது என்ன மரம்டா"ன்னு கேக்குறாங்க, எனக்கும் தெரியல, டிரைவர் தம்பிக்கும் தெரியல.

ஒரு வளைவுல டீ குடிக்க நிறுத்துனோம். எதிர்ல சோலைக்காட்டு ஓரமா நல்லா வயசான மரம், அடி பூரா பச்சைப் பாசி, உச்சியில கொழுந்தெல்லாம் செம்புக் கலர்ல மின்னுது. நடுமரத்துல ஒரு தகர போர்டு. அம்மா கண்ணாடி போட்டிருக்கல, மரத்தோட பேருதான் எழுதிருக்கும்னு நெனச்சு டீ கிளாஸக் கையில பிடிச்சுட்டே ரோட்டத் தாண்டிப் போனாங்க. கிட்ட போய் எழுத்துக் கூட்டிப் படிச்சா, "ரூம் வாடகைக்கு, வெந்நீர் வசதி உண்டு". மொத்தம் ஏழு ஆணி, நான் எண்ணுனேன். அதுல ரெண்டு பழசு, துருப்பிடிச்சு பட்டை பாதி முழுங்கிருக்கு. புதுசா அடிச்ச எடத்துல பிசின் ஈரமா வடிஞ்சுட்டு இருந்துச்சு. அம்மா அத வெரலால தொட்டுப் பாத்துட்டு, முந்தானையில தொடச்சுட்டு வந்து வண்டியில உக்காந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு மரத்தப் பத்தியும் கேக்கல.

பட்டைக்கு அடியிலதான் எலை செஞ்ச சாப்பாடு வேருக்கு எறங்குது, ஆணி போட்ட ஓட்டை வழியாத்தான் பூஞ்சை உள்ள போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. அன்னைக்கே ஒரு ஆபீசுக்குப் போய் சொன்னேன், அந்த மரம் யார் எல்லையில வருதுன்னு பாக்கணும்னாங்க. ஆணி அடிச்சவன் யாரு எல்லையும் பாக்கலயே ஐயா. தயவுசெஞ்சு ஆணியப் பிடுங்குங்க.

வர்ற ஜனங்க எல்லாம் பைன் காட்டுல எறங்கி போட்டோ எடுக்குறாங்க. அது 1906ல பிரையன்ட்ங்கற வெள்ளக்கார ஆபீசர் வச்ச காடு. தைல மரமும், சீகைன்னு இங்க சொல்ற வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தது, சீகை பரவி எத்தன புல்வெளிய மூடிருச்சுன்னு உங்களுக்கே தெரியும். மழைத் தண்ணியப் பிடிச்சு வச்சு கோடையிலயும் ஓடைய ஓட விடுற சோலை மரங்கதான் இந்த மலைக்குச் சொந்தம், அதுங்களுக்குத்தான் பேர் சொல்ல ஆள் இல்ல. பேர் தெரியாத மரத்த வெட்டுனாக்கூட எந்த மரம்னு சொல்லி யாரு வந்து கேப்பா? ரோட்ட அகலப்படுத்தணும், கார் நிறுத்த எடம் வேணும், இன்னும் நாலு மாடி ரூம் கட்டணும், எல்லாத்துக்கும் மொதல்ல பலியாகுறது ஓரத்துல நிக்கிறதுதான்.

கோவத்துல ஏதேதோ எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. கேக்குறது ரெண்டுதான். இருக்குற ஆணிய எல்லாம் பட்டை கிழியாம பிடுங்குங்க, மரத்துல அடிக்காம பக்கத்துல ஒரு குச்சி நட்டு அதோட பேரத் தமிழ்ல எழுதி வைங்க. ஆள் பத்தலன்னா சொல்லுங்க, நானும் ஃபிரெண்ட்ஸும் ஒரு ஞாயித்துக்கெழம வந்து செய்றோம், எந்த மரத்துக்கு என்ன பேருன்னு மட்டும் கூட இருந்து சொல்லுங்க.

காட்டுப்பூவரசு செக்கச்செவேல்னு பூக்குற நேரத்துல அம்மாவ மறுபடியும் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். அதுக்குள்ள அந்த வளைவுல நிக்கிற மரத்துக்காவது செஞ்சு குடுங்க.