முற்றத்தை மூடாதே, அந்தோணி

தங்கச்சிமடம்
வைகாசி

அன்புள்ள அந்தோணி,

கடிதமும் போட்டோவும் கிடைத்தன. பேரன் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கிய உடுப்பில் அப்படியே உன் அப்பா சாடை. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது, மற்றபடி சுகம்.

ஊர் வீட்டு முற்றம் முழுக்க பேவர் பிளாக் போட வேண்டும், நல்ல கொத்தனார் பார் என்று எழுதியிருந்தாய். ஆள் இருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் சித்தாளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் நான் இன்னும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் திட்டு.

உங்கள் திண்ணைக்கு ஏற மூன்று படி உண்டு. மேல்படியில் உட்கார்ந்து உன் அம்மா மல்லிகை நாற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் போடுவார்கள். இப்போது தரைக்கு மேலே தெரிவது ஒரு படிதான். வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு. கடைசியாகத் தாருக்கு மேல் சிமென்ட், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எல்லாத் துறைக்கும் எழுதினார். நம் தெருவுக்கு அந்தக் கடிதம் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் கட்டிய வாறுகால், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வடிகால், இன்னும் விசேஷம். அதன் விளிம்பு ரோட்டைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் ஏணி வைத்து ஏறினால்தான் உள்ளே போகும். கேட்கப் போனால், எஸ்டிமேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள்.

2024 நவம்பர் 20-ஆம் தேதி மழையைப் பற்றி அப்போதே போனில் சொன்னேன். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். நம் மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே 80 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். அப்படிக் கொட்டினால் எந்த ஊராக இருந்தாலும் மிதக்கத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்று பார்த்தேன். என் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் பின்னால் பனங்காட்டு மேட்டில் மறுநாளே செருப்பில்லாமல் நடக்க முடிந்தது. கடைக்கு முன்னால் சிமென்ட் தெருவில் மோட்டார் வைத்து இறைத்தும் நாள் கணக்கில் நின்றது, சாக்கடையும் கலந்து. இரண்டுக்கும் நடுவே ஐம்பது அடிகூட இல்லை. பெய்ததும் ஒரே மழைதான். இந்த ராமேஸ்வரம் தீவே மணல். அது குடிக்கிற வாயைத்தான் வரிசையாக அடைத்துக்கொண்டு வருகிறோம்.

தேங்குவது பாதிக் கதைதான். மீதிக் கதை என் கடை மேஜையில் கிடக்கிறது. முன்னெல்லாம் ரிப்பேருக்கு வரும் மோட்டாரில் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் மணல் தின்று தேய்ந்திருக்கும். இப்போது கழற்றினால் வெள்ளையாக உப்புப் படிந்து, ஓரம் அரித்து, கையில் பட்டால் உதிர்கிறது. மோட்டாரின் கம்பிச் சுற்று நன்றாகவே இருக்கும், தண்ணீர்தான் கெட்டுப்போயிருக்கும். லாட்ஜ்காரர்கள் ஆழமாகப் போர் போட்டு சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கி இரவு பகலாக இழுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிணறு சித்திரையிலேயே கரித்துவிடுகிறது.

நம் காலடியில் நல்ல தண்ணீர் தனியாக இல்லை, அந்தோணி. அடியில் கடல் தண்ணீர், அதன் மேல் மழைத் தண்ணீர் மிதக்கிறது. கடல் தண்ணீர் நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடுதல். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே எவ்வளவு ஏறும் என்று நீயே போட்டுக்கொள். ஐ.டி.ஐ.-யில் கணக்கில் நீதான் முதல்.

நம் ஆத்தாமார்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கரையை ஒட்டி மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள், சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மெதுவாக மொள்வார்கள், அவசரப்பட மாட்டார்கள். தனுஷ்கோடிப் பக்கம் இன்றும் அப்படித்தான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தம் இருக்கிறதே, அதற்கும் மேலே விழும் மழைதான் படியளக்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரத்தான் வருகிறது, ஆனால் திருச்சிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பாலம் தாண்டி, நம் தெருக் கடைசிக்கு எட்டும்போது குழாயில் காற்றுதான் முக்கால்வாசி. பெண்கள் குடம் அடுக்கிய தள்ளுவண்டியோடு காத்து நிற்பது இன்னும் ஓயவில்லை.

உங்கள் உறைகிணறு இன்னும் கரிக்கவில்லை. போன வாரம்கூட ஒரு வாளி இறைத்து வாயில் விட்டுப் பார்த்தேன், லேசான சப்புத்தான். சுற்றிலும் முற்றம் மணலாகக் கிடப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழி வெட்டினோமே, அதில் உருப்படியாக இருக்கும் சிலவற்றில் உன்னுடையதும் ஒன்று. எங்கள் வீட்டுக் குழி மேல் மருமகள் வாஷிங் மெஷினை ஏற்றி வைத்துவிட்டாள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மற்ற சேதி. புது ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது. கப்பலுக்கு வழிவிடும் நடுத்தூக்கு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, நாம் பார்த்த பழைய பாலம் போலக் கத்தரி மாதிரி பிரிவதில்லை. அதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்களால் ஆம்புலன்ஸ்கூடத் திணறுகிறது. பள்ளிக்கூடத்து முக்கில் தெருவிளக்குக் கம்பத்தின் அடி துருவேறி, விரல் போகிற அளவுக்கு ஓட்டை. உப்புக்காற்று ஊருக்கு வேறு ஊரின் கம்பத்தையே நட்டால் அப்படித்தான். தலையை மட்டும் பளபளப்பான எல்.இ.டி.யாக மாற்றிவிட்டுப் போனார்கள், காலை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சரி, முற்றத்துக்கு வருகிறேன். கேட்டிலிருந்து திண்ணை வரை மூன்றடி அகலத்துக்கு மட்டும் கல் பதிப்போம், மற்றதை மணலாகவே விடு. குழியைத் தூர் வாரி, மொட்டைமாடிக் குழாயை அதில் சேர்த்துவிடலாம். முதல் மழையை மட்டும் வெளியே விட ஒரு வால்வு. கேட்டடியில் வண்டி ஏறி இறங்கும்படி சரிவாக ஒரு திட்டு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் தெருச் சாக்கடை நேராக உன் கிணற்றில் இறங்கும். இதற்கு ஆகும் செலவு நீ சொன்னதில் பாதிகூட வராது.

உன் தம்பிதான் கார் நிறுத்த வேண்டும், மணலில் புதையும் என்று நிற்கிறார். டயர் ஓட இரண்டு வரிசைக் கல் போதும் என்று சொல். ஜூன் 14-ஆம் தேதியோடு தடை முடிகிறது, அப்புறம் சித்தாளெல்லாம் படகுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் தம்பியிடம் பேசிவிட்டு எழுது. பணம் இப்போது அனுப்பாதே.

அன்புடன்,
நம்புராஜன்