நவம்பர் ஹேக்கத்தான்: பெற்றோருக்குச் சில விவரங்களும் ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் நவம்பர் 21, 22 (சனி, ஞாயிறு) தேதிகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கும், பெயர் கொடுத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நம் கணினி லேபில் ஹேக்கத்தான் நடக்கிறது. குழுவாக உட்கார்ந்து புரோகிராம் எழுதும் முகாம் அது. எடுத்துக்கொண்ட விஷயம், ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள். “அரையாண்டுத் தேர்வு வரும் நேரத்தில் இதெல்லாம் தேவையா சார்?” என்று சிலர் போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் சுற்றறிக்கையோடு நிறுத்தாமல் எழுதுகிறேன்.

மருந்து நம் உடம்புக்குப் பழகிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் மாறுவது உடம்பு அல்ல, கிருமி. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. தப்பும் வித்தைக்கான மரபணுவை வேறு வகை பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுகின்றன. 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் சாவுக்கு இதுவே நேரடிக் காரணம் என்று 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பரவுவதைப் பற்றி 2010-ல் வெளியான முக்கியமான ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருந்தார்கள். 2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி உருவாக்கிய செயல்திட்டத்துக்குப் பெயரே ‘சென்னைப் பிரகடனம்’.

சரி, இதில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் சுமார் 46 லட்சம் எழுத்து நீளம். என்.டி.எம்-1 மரபணு 800 எழுத்துக்குச் சற்று மேல். அந்த 46 லட்சத்துக்குள் இந்த 800 இருக்கிறதா என்று தேடும் புரோகிராமை பைத்தான் என்ற கணினி மொழியில் எழுத வேண்டும். முதல் முயற்சி எல்லோருக்கும் சுலபமாக வந்துவிடும். அப்புறம் எங்கள் கணினி ஆசிரியை தேட வேண்டிய மரபணுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி வைப்பார். புரோகிராம் கூசாமல் ‘இல்லை’ என்று சொல்லும். ஆனால் ஓரெழுத்து மாறிய மரபணுவும் மருந்தை முறியடிக்கக்கூடும். எவ்வளவு மாறினாலும் ‘அதேதான்’ என்று ஏற்கலாம்? முகாமின் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விடையைக் கணினி சொல்லாது, உயிரியல் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு குழுவிலும் பயாலஜி குரூப், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் இரண்டிலிருந்தும் ஆட்கள் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பினருக்கு எளிய வேலை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையிலிருந்து எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் கேட்கிறது என்ற அட்டவணையை எடுத்து, ஆண்டுவாரியாக வரைபடமாக்குவது.

பரிசு கிடையாது. சில பெற்றோருக்கு இது வருத்தம் என்று தெரியும். சனிக்கிழமை மாலை ஒவ்வொரு குழுவும் தான் எழுதியதை அடுத்த குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். ஞாயிறன்று அவர்கள்தான் தொடர்வார்கள். படித்துப் புரியவில்லை என்றால் எழுதியவரே வந்து விளக்க வேண்டும். பரிசு வைத்தால் யாரும் மனம் ஒப்பி அப்படிக் கொடுக்கமாட்டார்கள்.

இனி வேண்டுகோள். பிள்ளைகள் ஒரு தாளோடு வீட்டுக்கு வருவார்கள். மருந்து டப்பாவைத் திறந்து அவர்களோடு சேர்ந்து பாருங்கள். பின்பக்கம் சிவப்புக் கோடு உள்ள அட்டை இருக்கிறதா? டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாதது என்பதற்கான அடையாளம் அது. மாத்திரை எத்தனை மிஞ்சியிருக்கிறது? கத்தரியால் நறுக்கிக் கொடுத்த துண்டு என்றால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அதில் மிஞ்சியிருக்கின்றனவா? இவ்வளவுதான் கேள்வி. யாருடைய மருந்து, என்ன நோய் என்று எழுத வேண்டாம். மாத்திரையைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பவே கூடாது. மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் பிள்ளைகளை விசாரணைக்கு அனுப்பவும் வேண்டாம், பாவம். முக்கியமாக, பிள்ளை வந்து சொன்னது என்று ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை யாரும் நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேளுங்கள்.

சளி, ஃப்ளூவெல்லாம் வைரஸால் வருபவை, ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தொடாது என்று உங்கள் மகளோ மகனோ அந்த வாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் காலை 9 முதல் மாலை 4 வரை. லேப்டாப் வேண்டாம், வீட்டில் இருந்தாலும் கொண்டுவர வேண்டாம், எல்லோரும் லேப் கணினியில்தான் செய்வார்கள். மதியச் சாப்பாடு பள்ளியில். மழை விடுமுறை விட்டால் முகாம் 28, 29-க்குத் தள்ளிப்போகும். தேர்வுப் பாடம் பாக்கி உள்ளவர்கள் ஒரு நாள் மட்டும் வந்தாலும் போதும். கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு நவம்பர் 13, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்