காசும் வாங்கி, சாமானையும் தூக்குவது என்ன நியாயம்?

மலையகத்து நகர சபை, பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் செயலாளர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள், கேள்வி கேட்க ஆளில்லை. 2025 மே 6ஆம் திகதி ஓட்டுப் போட்டு உங்களை அனுப்பியிருக்கிறோம். அதனால் வீதியோர வியாபாரிகளின் பிரச்சினையை உங்களிடமே கேட்கிறேன்.

தோட்டத்தில் சம்பளம் போடுகிற 10ஆம் திகதியை ஒட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்து பாருங்கள். வீதியோர வியாபாரிகள் படங்கை விரித்து பிள்ளைகளின் சட்டை, வாளி, லீக்ஸ், கரட் என்று பரப்பியிருப்பார்கள். எங்கள் ஊரில் காலையில் ஒருவர் வந்து இடத்துக்குக் காசு வாங்கித் துண்டு கிழித்துக் கொடுப்பார், மத்தியானம் ட்ரெக்டரில் வேறு ஆட்கள் வந்து அனுமதியில்லாத கடை என்று அள்ளிக்கொண்டு போவார்கள். காசு வாங்குவது டெண்டர்காரராம். சரி, டெண்டர் கொடுத்தது யார்? என் சித்தியின் கோவா மூட்டை அப்படித்தான் போனது. தண்டம் கட்டச் சொன்னார்கள், ரசீது கேட்டதற்கு முறைத்தார்கள், மூட்டை கைக்கு வரும்போது பாதி அழுகல்.

நடக்க இடம் வேண்டாமா என்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரே வீதி, இதுதான் நம் ஊர்கள். மழைக்குள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் இறங்கி நடக்கிற அம்மாமாரை நானும் பார்க்கிறேன். ஆனால் பெரிய கடைக்காரர் தன் வாசலைத் தாண்டிக் கதிரையும் வாளியும் அடுக்கினால் மட்டும் அந்த ட்ரெக்டர் ஏன் நிற்பதில்லை?

உப விதி, அதாவது உங்கள் சபை எல்லைக்குள் செல்லும் விதி, போடும் அதிகாரம் உங்களுக்குச் சட்டப்படியே இருக்கிறது, பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில். எந்த இடம், எந்த நாள், எவ்வளவு காசு என்று அதில் எழுதுங்கள். தூக்கிய சாமான் எங்கே இருக்கும், எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதும் வேண்டும். மரக்கறி என்றால் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். வர்த்தமானியில் போட்டால் மட்டும் போதாது, பஸ் ஸ்டாண்டில் தமிழிலும் பலகை வையுங்கள். அப்புறம், மாற்றிடம் தருகிறோம் என்று பஸ்ஸால் இறங்குகிறவர் கண்ணில் படாத மேல் மாடியைக் காட்டாதீர்கள், அங்கே யார் ஏறி வருவார்கள்?

அடுத்த மாதக் கூட்டத்தில் உங்களில் ஒருவராவது இதைப் பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். திகதியைச் சொன்னால் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு நாங்களும் வந்து உட்காருகிறோம்.